நீல விளக்கு நிற்கும் வரை

என் மனைவி வயலின் வாசிக்கும்போது நான் அறையில் இருக்கக் கூடாது. விதி அவளுடையது, காரணம் நான். கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலமெல்லாம், அவள் வில்லை எடுத்தால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். வாய்திறந்து எதுவும் சொன்னதில்லை. அவளாகவே பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் அவளுடைய வலது தோளில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்று கடலூர் டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு வில் பழையபடி ஓடுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். அதற்குள் தன் குருவிடம் பாடம் செய்தவற்றை வாசித்துப் பதிந்து, பழைய மாணவிகளுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

அவள் தம்பி மஞ்சக்குப்பத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். மச்சான் ஒரு டிஜிட்டல் ரெக்கார்டரைச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் நினைவகத்தில் இடம் குறைவு. நீண்ட வாசிப்புக்கு வெளியிலிருந்து ஒரு டிரைவைச் செருகி, நேராக அதிலேயே பதிய வேண்டும். டிரைவில் ஒரு சின்ன நீல விளக்கு உண்டு. வாசிப்பு முடிந்த பிறகும், பதிவு முழுதாகச் சேரும் வரை, அது கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டிருக்கும். அது நின்ற பிறகுதான் டிரைவைக் கழற்ற வேண்டும். கையேட்டில் இதை நான் இரண்டு தடவை படித்திருந்தேன்.

நான் அறைக்குள் இல்லாமல் அவளே பதிவைத் தொடங்கி நிறுத்த வேண்டுமே. அதற்காகக் காலால் மிதிக்கிற பெடல் ஒன்றை வாங்கிவந்து, ரெக்கார்டரின் பின்பக்கத் துளையில் மாட்டினேன். மிதித்தால் தொடங்கும், மறுபடி மிதித்தால் நிற்கும். விளக்கம் முழுவதையும் அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எந்தக் காலால மிதிக்கறது?" என்றாள்.

வயலினின் தலை அவளுடைய வலது கணுக்காலில் ஊன்றியிருந்தது. இடது கால் மடங்கி அடியில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில் பார்த்த உட்காரல் அது. கடையில் நின்றபோது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன். "நின்னுக்கிட்டு கிடார் வாசிக்கறவனுக்கு செஞ்சது மாமா அது. அக்காவையும் நிக்க வெச்சிடுங்க," என்றான்.

கடைசியில் பெடலை அவளுடைய இடது முட்டிக்கு அடியில் வைத்தோம். முட்டியை ஓர் அழுத்து அழுத்தினால் போதும். நன்றாகவே வேலை செய்தது. குமராட்சி மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைத் தாண்டும் நேரங்களைத் தவிர்த்து, தினமும் சாயங்காலம் ஒன்றிரண்டு உருப்படிகள் சேர்ந்தன.

ஒரு நாள் தோடி ராகத்தை விரிவாக வாசித்தாள். நான் வாசலில் உட்கார்ந்து கேட்டேன். முடித்து வெளியே வந்தவள் முகத்தில், தோள் வலியையும் மீறி ஒரு தெளிவு இருந்தது. "இன்னிக்கு வந்துடுச்சுங்க," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அதை உடனே கணினியில் போட்டு அவளுக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. உள்ளே போனேன். நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டே பிடுங்கினேன்.

டிரைவில் தோடி இல்லை. பெயர் மட்டும் இருந்தது; திறந்தால் ஒன்றுமில்லை.

அவள் வந்து கேட்டபோது, "முட்டி சரியா அழுந்தலபோல இருக்கு," என்றேன்.

அவள் நம்பினாள். அடுத்த நாளிலிருந்து வாசிப்பு தடுமாறியது. முட்டியை அழுத்திவிட்டு ரெக்கார்டரை எட்டிப் பார்ப்பாள், வாசிப்பாள், நடுவில் நிறுத்தி மறுபடி பார்ப்பாள். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்து அவள் வாசிப்பைக் கெடுத்தவன், இப்போது அறைக்கு வெளியே இருந்துகொண்டும் கெடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. மச்சான் ஞாயிற்றுக்கிழமை வேறு பெடல் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான்.

"அவன வேணாம்னு சொல்லிடுங்க," என்றாள் சனிக்கிழமை. "என் காலு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. வந்த வரைக்கும் போதும்."

அப்போது சொன்னேன். முட்டி சரியாகத்தான் அழுந்தியது, தோடி பதிவாகியிருந்தது, விளக்கு நிற்கும் முன் பிடுங்கியது நான், தெரிந்தே பொய் சொன்னேன் என்று.

அவள் தைல பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"இத நீங்க தேச்சுக்குங்க. கையில."

சிரித்துவிட்டாள். நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போன தோடி போனதுதான், அதற்கு மாற்று இல்லை என்று அவளே சொன்னாள். மறுநாள் மச்சான் புதுப் பெடலோடு வந்தான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவள், பழைய பெடலையும் கழற்றச் சொன்னாள்.

"இனிமே மாமாதான் பெடல்," என்று தம்பியிடம் சொன்னாள். "சும்மா உக்காந்து பட்டனை அமுக்கட்டும்."

"கடிகாரம்?" என்றான் அவன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் சுவரைக் காட்ட, அவன் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி அடுப்படியில் மாட்டினான்.

அன்று சாயங்காலம் மறுபடி தோடி. அந்த அளவுக்கு வரவில்லை என்றாள். எனக்கு ஒப்பிடத் தெரியாது. இந்தத் தோடியை அவளுக்கு எதிரில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். முடிந்ததும் பட்டனை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவள் வில்லின் முடியைத் தளர்த்திப் பெட்டியில் வைத்தாள்.

"நின்னுடுச்சா?"

"இன்னும் மினுக்குது," என்றேன்.

"சரி, இருங்க," என்று அவளும் உட்கார்ந்துகொண்டாள்.