மூச்சு விட இடமில்லாத பாட்டு

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு தையல் கடை. ஒரு மெஷின், துணி வெட்டுகிற மேசை, இரண்டு பேர் உட்காருகிற ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அந்தப் பெஞ்சில் யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது. பெண்கள் வந்தால் இன்னும் மோசம். டேப்பை வைத்து நான் எந்தப் பெண்ணுக்கும் அளவு எடுத்ததில்லை. அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். அதை வைத்துத் தைத்துக் கொடுப்பேன். குறை சொன்னால் பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். இரண்டுக்கும் பேச வேண்டியதில்லை.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் வாசிக்கப் பிடிக்கும். சந்தையில் தரையில் பரப்பி விற்கிற பாட்டுப் புத்தகங்களை வாங்கி வருவேன். துணி சுற்றி வருகிற காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் கீழே போடுவேன்.

பாட்டுக் கட்டுகிற பழக்கம் மெஷினால் வந்தது. மிதியில் கால் வைத்து அது ஓட ஆரம்பித்ததும் அந்தச் சத்தத்துக்குள் சொல் வந்து உட்காரும். பாவாடைக்கு அடி மடித்துத் தைக்கும்போது நீளமாக ஒரே மூச்சில் வரும். ரவிக்கைக் கை தைக்கும்போது துண்டு துண்டாக வரும். நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் மேசையின் ஓரத்தில் மார்க் போடுகிற சாக்குக்கட்டியால் எழுதி வைப்பேன். அடுத்த துணியை விரித்து வெட்டும்போது அது அழிந்துவிடும். அதற்குள் மனதில் நின்றால் பாட்டு. நிற்காவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இது என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவாள். வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாளாம். நான் பல நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் ஊரில் சித்திரைப் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவார்கள். ஒரு வீட்டில் சட்டிகளில் தானியம் விதைத்து, வெயில் படாமல் இருட்டில் வளர்ப்பார்கள். அது வளர்ந்து கோயிலுக்கு எடுக்கும் நாள் வரை, விளக்கு வைத்ததும் பெண்கள் அந்த வீட்டுக்கு முன்னால் வட்டமாக நின்று கும்மி அடிப்பார்கள். முன்பாட்டுப் பாடுகிறவர் எனக்கு மதினி முறை, பெரியப்பா மகனின் மனைவி. நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் இருக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், அப்படி ஒரு குரல். பழைய பாட்டோடு வருடத்துக்கு ஒரு புதுப் பாட்டாவது சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஒரு வருடம் என் வீட்டுக்காரி, என்னைக் கேட்காமலே, என் பாட்டு ஒன்றை மதினியிடம் போய்ப் பாடிக் காட்டிவிட்டாள். பெரியாற்றுத் தண்ணீர் மலையிறங்கி வருவதைப் பற்றிய பாட்டு அது.

*மலையிறங்கி மடைகடந்து மதகுதாண்டி வயல்நிறைக்க வருகுதுபார் வளைகுலுங்கக் குனிந்தள்ளி வாருங்கடி*

இது ஒரு வரி. இப்படியே பத்து வரி.

"மதினிக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்குப் பாடப் போறாக" என்று அவள் வந்து சொன்னாள். ஊரிலுள்ள பெண்கள் எல்லாம் என் சொல்லைப் பாடப் போகிறார்கள். ஒருவரிடமும் நிமிர்ந்து பேசாதவன் அத்தனை பேரிடமும் ஒரே நேரத்தில் பேசினாற்போல் ஆகும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பொங்கல் வாரம் எங்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். அன்றும் கடையில்தான் இருந்தேன். கும்மி ஆரம்பித்தது. பழைய பாட்டுகள் முடிந்து மதினியின் குரலில் என் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது வரவில்லை. மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று காலை எடுத்தேன். இருமல் கேட்டது. பிறகு சிரிப்பு. அடங்காத சிரிப்பு. அதற்குப் பிறகு பழைய பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மதினி ரவிக்கை வாங்க வந்தார். கூட நாலைந்து பேர்.

"என்ன கொழுந்தனாரே, எங்களையெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவா பாட்டுக் கட்டுனீக?"

"இவளுக்கு நேத்துப் பிடிச்ச இருமல் இன்னும் நிக்கல மதினி, மருந்துக்குக் காசு தரச் சொல்லுங்க."

"பாட்டாடி அது? அனுமாரு வாலு! இழுக்க இழுக்க வருது."

நான் பித்தானைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். அவர்கள் போகும்வரை தேடினேன்.

என் பாட்டில் சொல் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த வருடம் பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு பெரிய பெரிய சொல்லாகப் பொறுக்கிக் கோர்த்தேன். எனக்கே பொருள் தெரியாத சொல் இரண்டு அதில் இருந்தது. அந்தப் பாட்டை ஒரு கண்ணிகூட முடிக்காமல் விட்டுவிட்டார்கள். இந்தத் தடவை சிரிப்புக்கூட இல்லை. சிரித்தபோது வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது.

அதோடு விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு எதற்கு இது? தைக்கத் தெரியும், நாலு பேர் நல்ல தையல் என்று சொல்கிறார்கள், போதாதா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிதியை மிதிக்கும்போது சொல் வந்தால் வேண்டுமென்றே எதிர்ப்பக்கத்து டீக்கடை ரேடியோவைக் கேட்பேன். கொஞ்ச நாளில் சொல் வருவது நின்றுவிட்டது. மெஷின் மட்டும் ஓடியது. வேலை என்னவோ அதே வேலைதான். ஆனால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது முதுகு வலிப்பது அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

இப்படி இரண்டு பொங்கல் போயிருக்கும். ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரி கேட்டாள்.

"நீங்க கும்மி அடிக்கிறதப் பாத்திருக்கீகளா?"

"கேட்டிருக்கேனே, வருசா வருசம்."

"கேட்டது இருக்கட்டும். பாத்திருக்கீகளா?"

யோசித்துப் பார்த்தேன். சிறு வயதில் பார்த்திருப்பேன், நினைவில் இல்லை. மெஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து பொங்கல் வாரத்தில் நான் கடையை விட்டு எழுந்ததே கிடையாது. அப்படியே நேரம் கிடைத்தாலும் பெண்கள் ஆடுகிற இடத்தில் போய் நிற்க எனக்குத் துணிவு இருந்திருக்காது. கும்மி என்றால் எனக்கு என் மிதியின் சத்தத்தோடு சேர்ந்து கேட்ட கும்மிதான்.

"மெஷினு நிக்காம ஓடும். மனுசி நிக்காம ஓடுவாளா?" என்றாள். எழுந்து நின்று காட்டினாள். மேலே இரண்டு தட்டு. குனிந்து கீழே ஒரு தட்டு. நிமிர்ந்து ஒரு எட்டு நகர வேண்டும். "குனியறப்போ வயிறு மடங்குதுல்ல, அப்ப வாயில சத்தம் வராது. உங்க பாட்டுல குனியறதுக்கு இடமே இல்ல."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எனக்கும் நேத்துத்தான் தெரிஞ்சது. நம்ம பிள்ளைக்குத் தொட்டிலாட்டிக்கிட்டு உங்க பாட்டப் பாடுனேன். தொட்டிலுக்கு நல்லா வருது. அப்புறம் முறுக்குப் பிழிஞ்சுகிட்டே பாடுனேன், அதுக்கும் வருது. கும்மிக்கு மட்டும் ஏன் வரலைன்னு ஆடிப் பாத்தேன்."

நான் விட்டுவிட்ட பாட்டை அவள் இரண்டு வருடமாக விடாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம், வெயிலில் தெரு காலியாக இருந்தது. கடைப் பலகைகளை மாட்டிவிட்டு, உள்ளே நின்று நானே ஆடிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே இரண்டு தட்டு, கீழே ஒரு தட்டு. அவள் சொன்னது உண்மைதான். 'மதகுதாண்டி' என்கிற இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. திரும்பத் திரும்ப ஆடினேன். எந்தச் சொல்லை எடுத்தால் இடம் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில், இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை மறந்துவிட்டேன்.

பக்கத்தில் வாடகைச் சைக்கிள் கடை. கைதட்டுகிற சத்தம் கேட்டு அந்த அண்ணன் சந்து வழியாகப் பார்த்திருக்கிறார்.

"ஏலே, இங்கன வாங்கடா! நம்ம டெய்லரு கும்மி அடிக்கிறாரு!"

பலகையை எடுத்துவிட்டார். டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். நான் குனிந்தபடியே நின்றேன்.

"மாப்ள, வளையல் ரெண்டு வாங்கித் தரட்டா?"

"ரவிக்கை தச்சுத் தச்சுப் பொம்பளையாவே மாறிட்டாருடா."

"அடுத்த பாட்டு எப்பண்ணே? டிக்கெட் உண்டா?"

அன்றைக்கு அதோடு கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் என் மாமா ஒருவர் இருக்கிறார், அங்கே போய்க் கடை போட்டுக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டேன். என் வீட்டுக்காரி, "மெஷினத் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மதினி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு ரவிக்கை.

"இது கக்கத்துல பிடிக்குது கொழுந்தனாரே. பிரிச்சுத் தாங்க."

வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போகவில்லை.

"ஆடுனீகளாமே?"

நான் ரவிக்கையின் கக்கத்துத் தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட, வாயத் திறங்க. ஆடுனீகளா இல்லையா?"

"ஆடுனேன்."

"எங்கன இடிச்சுது?"

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நடவில் எந்த வயலில் தண்ணீர் கட்டவில்லை என்று கேட்பதுபோல் கேட்டார்.

"மதகு தாண்டிங்கிற இடத்துல."

"ஆங்! அங்கனதான். எங்களுக்கும் அங்கனதான் இடிச்சுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல, சிரிப்புத்தான் வந்துச்சு. நீங்க என்னடான்னா ரெண்டாம் வருசம் பெரிய புலவரு மாதிரி எழுதிக் குடுத்தீக. கும்பிட்டுட்டுக் கீழ வச்சுட்டோம்." என் கையிலிருந்த ரவிக்கையைக் காட்டினார். "ரவிக்கை பிடிச்சாத் தூக்கியா போடுறோம்? உங்ககிட்டத்தான கொண்டாறோம். பாட்டையும் பிரிங்க."

"ஊரே சிரிக்குது மதினி."

"சிரிக்கட்டும். நான் முத முத முன்பாட்டுப் பாடுறப்போ பாதியில மறந்துபோயி அழுதுட்டேன். இன்னைக்கும் எங்க மாமியா வீட்டுல அதச் சொல்லிச் சிரிக்காக. அதுக்குப் பயந்தா நான் வாயே திறந்திருக்க முடியாது."

அவர் போன பிறகு முதலில் ரவிக்கையைப் பிரித்தேன். தையலுக்காக உள்ளே விட்டிருந்த துணி தாராளமாக இருந்தது. என் பாட்டில் அப்படி எதுவும் விட்டு வைக்கவில்லை. எல்லா இடத்தையும் சொல்லால் அடைத்திருந்தேன். ஒரு நீள வரியை நாலாக வெட்டினேன். மனதுக்குப் பிடித்த 'வளைகுலுங்க'வை எடுத்துவிட்டேன். அதை எடுக்கத்தான் அதிக நாள் ஆனது.

*மலையிறங்கி வந்த தண்ணி*
*மடை திறக்கக் காத்த தண்ணி*
*குனிஞ்சு தொட்டாச் சில்லுங்குது*
*கொலுசெல்லாம் நனையுதடி*

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு குனிவுக்கு இடம். படித்துப் பார்த்தால் பழைய பாட்டைவிட ஏழையாகத்தான் தெரிந்தது. ஆடிப் பார்த்தேன். மூச்சு முட்டவில்லை.

கடையை மறுபடி திறந்து, அங்கேதான் ஆடிப் பார்த்தேன். இந்தத் தடவை பலகையை மாட்டவில்லை. மாட்டினால் சந்து வழியாகப் பார்ப்பார்கள், அதைவிடத் திறந்தே இருக்கட்டும் என்று தோன்றியது. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சைக்கிள் கடை அண்ணன் இரண்டு தடவை ஏதோ சொன்னார். பஞ்சர் ஒட்ட ஆள் வந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஊருக்குச் சிரிக்க வேறு விசயமும் நிறைய இருந்தது.

அந்தப் பொங்கலில் என் பாட்டைப் பாடினார்கள். நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்டேன். மிதியின் சத்தம் இல்லாமல் ஒரு கும்மிப் பாட்டை ஆரம்பத்திலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பாட்டு நிற்கிற இடங்களில் அத்தனை கைகளும் தரைக்குப் பக்கத்தில் சேர்ந்து தட்டுகிற சத்தம் வந்தது. நான் எழுதாமல் விட்ட இடம் அது. அங்கேதான் பாட்டு நன்றாக இருந்தது. ஐந்தாவது கண்ணியில் தடுக்கியது. யாரோ சிரித்தார்கள். மதினி இரண்டு கண்ணியைத் தாண்டிப் போய் அடுத்ததை எடுத்துக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை.

காலையில் ஆள் அனுப்பியிருந்தார். "அஞ்சாவதும் ஆறாவதும் பிடிக்குது. சாயங்காலத்துக்குள்ள பிரிச்சு வைக்கணுமாம்."

தைக்க வேண்டிய ரவிக்கைகள் மேசையில் குவிந்து கிடந்தன. இருந்தாலும் பிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு வருடம் ஒரு பாட்டாவது கட்டுகிறேன். எல்லா வருடமும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வருடம் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்ததைத் தொடவே இல்லை. ஒப்புக்குக் கட்டிக் கொடுத்த ஒன்றை மூன்று பொங்கலாகப் பாடுகிறார்கள். எது கூடிவரும், எது கூடிவராது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கு வராது என்ற எண்ணமும் போய்விடவில்லை, மழைக்காலத்து இருமல்போல் வந்துவிட்டுத்தான் போகிறது. அது வந்தால் இப்போது ரேடியோ கேட்கப் போவதில்லை. எங்கே இடிக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

இந்த வருடப் பாட்டு மேகமலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றியது. நேற்று மதினி கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் கண்ணி மேடு ஏறுகிற மாதிரி இருக்கிறதாம், குனிந்து நிமிர முடியவில்லையாம்.

"மேட்டுல ஏறுறவகளப் பத்தித்தான மதினி பாட்டு" என்றேன்.

"ஏறுறது அவக. ஆடுறது நாங்கள்ல?" என்றார்.

பிரித்துக்கொண்டிருக்கிறேன்.