தென்னேரிக்கு எட்டாத குரல்

நான் பேசுவது தென்னேரிக்குப் போகவில்லை. அவர்கள் பேசுவது மட்டும் இரைச்சலோடு எனக்குக் கேட்டது. எழுபதுகளில் ஒரு ஐப்பசி, விடாத மழை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் நான் வயர்லெஸ் ஆபரேட்டர். தென்னேரி ஏரிக்கரையில் நின்ற ஜீப்பில் இன்னொருவர்.

"கரை கசிஞ்சிக்கினு இருக்குதுபா. கீழ் வீடுங்கள காலி பண்ணலாமா? ஆர்டர் வந்துச்சா? கேக்குதா?"

ஆர்டர் என் மேசைமேலேயே இருந்தது. காலி செய்யச் சொல்லி அதிகாரி போனில் சொன்னதை நானே எழுதிவைத்திருந்தேன். தென்னேரிப் பக்கம் போன் கம்பி அறுந்துபோயிருந்தது. அந்தக் கீழ் வீடுகளில் ஒன்றில் என் தங்கை, கைக்குழந்தையோடு இருந்தாள். மைக்கில் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தினால் தூரம் போகும் என்று நினைக்கிற அளவுக்குப் புத்தி கெட்டிருந்தது.

பேட்டரி சரியாக இருந்தது. மைக்கை மாற்றினேன், அதே கதை. பக்கத்திலேயே ஓரிக்கையில் நின்ற ஜீப்பைக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. அதன் குட்டி ஏரியலுக்குத் தென்னேரி எட்டாது, அதனால் அதன்மூலம் சொல்லவும் வழியில்லை. ஆனால் ஒன்று புரிந்தது: வயர்லெஸ் பெட்டியில் கோளாறு இல்லை, ஏரியல் பக்கம்தான் ஏதோ.

மொட்டைமாடிக்கு ஓடினேன். கம்பம் நேராகத்தான் நின்றது. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினேன். நடுவில் நான் போன மாதம் போட்ட ஒட்டு. அன்றைக்கு டேப் தீர்ந்துபோயிருந்தது. தறி வீட்டுப் பிள்ளை அல்லவா, பட்டு இழையை நெருக்கமாகச் சுற்றி, தறியில் பாவு நூலைப் பிணைக்கிற மாதிரி முடிச்சுப் போட்டேன். பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன் வேறு. பட்டு தண்ணீர் குடிக்கும் என்பது எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிளேடால் அறுத்தேன். உள்ளே இருந்த செம்புப் பின்னல் பச்சை பூத்து, சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

நனைந்த துண்டை வெட்டி எறிந்து, காய்ந்த முனைகளைச் சேர்த்து, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினேன். கீழே ஓடிவந்து மைக்கை எடுத்து ஆர்டரைப் படித்தேன்.

"கேக்குதுபா, கேக்குது! காலி பண்ணச் சொல்லிட்டேன். இவ்ளோ நேரம் என்னாபா ஆச்சு?"

"மழைபா" என்றேன்.

கரை எப்படியோ தாங்கியது. மறுநாள் தங்கை குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜீப்புல உன் குரல் கேட்டுச்சுண்ணா. அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரு நகரவே மாட்டேன்னு ஒக்காந்துக்கினு இருந்தாரு. நீ சொன்னதாலதான் கெளம்புனோம்."

மெல்லக் கையை விடுவித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.