கத்திக் கை பக்கம்

பிரேக் சத்தம் கேட்டால் சலூன்காரரின் வலது கை தானாக மேலே போய்விடும். சவரக்கத்தி தொண்டையில் இருந்தாலும் காதோரத்தில் இருந்தாலும் முதலில் அது விலகும். பிறகுதான் மோதுகிற சத்தம் வரும், அல்லது வராது. வராவிட்டால் நாற்காலியில் இருப்பவர் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"என்னண்ணே, தப்பிச்சுட்டானா?"

"தப்பிச்சுட்டான்."

கத்தி மறுபடி இறங்கும்.

கடைக்கு நேர் எதிரே ஒரு சந்து பெரிய சாலையில் வந்து சேர்கிறது. சந்தின் வாயை ஒரு மதில் மறைக்கிறது. வெளியே வருகிறவருக்குச் சாலை தெரியாது, சாலையில் வருகிறவருக்குச் சந்து தெரியாது. வேகத்தடை போட்டார்கள். லாரிகள் தேய்த்துவிட்டன. மறுபடி போட்டார்கள். கல்யாணமான புதிதில் இந்த இடத்தைப் பிடித்தபோது, ஆள் நடமாட்டம் உள்ள இடம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அது பொய்யில்லை.

வேலை செய்யும்போது அவர் முதுகு சாலைக்கு, முகம் கண்ணாடிக்கு. வாடிக்கையாளரின் தலைக்கு மேலே, கண்ணாடியில்தான் அவருக்குச் சாலை. பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மழை எல்லாம் அதில்தான் வந்து போகும்.

விபத்து நடந்தால் அந்தத் தெருவில் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். மருந்துக்கடைக்காரர் குனிந்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்திருப்பார். சாவி செய்கிறவர் அரத்தில் கண்ணாக இருந்திருப்பார். சலூன்காரரும் முதலில் அப்படித்தான் இருந்தார். ஒருநாள் சவரம் முடிந்து எழுந்து போனவர் சாலையைத் தாண்டவில்லை. ஓடிப்போய்த் தூக்கியபோது, பிடரியில் இவர் போட்ட பவுடர் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு 'பார்க்கலீங்க' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. போலீஸ்காரர்களும் மற்ற கடைகளில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போகிற நாளெல்லாம் கடை பூட்டு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கூப்பிடுவார்கள், வேறு தேதி சொல்வார்கள்.

"ஊர்ல எல்லாருக்கும் கண்ணு இருக்கு. வாய் மட்டும் உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு" என்பாள் மனைவி.

பக்கத்துக் கடை சாவிக்காரர் இன்னும் மோசம். "என்னண்ணே, கோர்ட்லயே ஒரு நாற்காலி போட்டுக்கறதுதானே? வக்கீல் தலையெல்லாம் காடா கிடக்கு."

சிரிக்கக்கூட அலுப்பாக இருக்கும்.

மழை விட்ட ஒரு காலையில் சந்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவள். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இண்டிகேட்டர் மின்னியது. பிரேக் சத்தம், கை மேலே போனது, மோதல். திரும்பி ஓடினார். ஸ்கூட்டர் சாலை நடுவே கிடந்தது. ஒரு வேன் சாய்ந்து நின்றது. அவள் கால் இருக்கக்கூடாத விதத்தில் மடங்கியிருந்தது.

போலீஸ்காரர் வந்தபோது கடை வாசலில் நின்று, சாலையைப் பார்த்துக் கைகாட்டிச் சொன்னார். "லைட்டு மின்னுனது இந்தப் பக்கம்" என்று கத்தி பிடிக்கிற கையை நீட்டினார். "வண்டியைத் திருப்புனது அந்தப் பக்கம்." சீப்பு பிடிக்கிற கை.

"எதிரே வர்றவளுக்கு அது இடது. இடது பக்கம் போட்டுட்டு வலது பக்கம் திரும்பியிருக்கு. நல்லா இருக்கு" என்றார் போலீஸ்காரர். வேன்காரர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அம்மா வந்தாள். சண்டைக்கு வரவில்லை. காத்திருப்போர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் பார்த்தீங்களாமே."

"ஆமாம்மா."

"தப்பு அவ மேலன்னு வேலையை விட்டு எடுத்துட்டாங்க. போகுது. ஆனா படுத்துக்கிட்டு அதையேதான் சொல்றா. 'நான் சரியாத்தாம்மா போட்டேன், நான் சரியாத்தாம்மா போட்டேன்'னு. நீங்க நல்லாப் பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்ததைத்தாம்மா சொன்னேன்."

தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று அவர் வெட்டிய முடியெல்லாம் ஏறுக்கு மாறாக வந்தது.

பிறகு ஒரு மதியம். நாற்காலியில் இருந்த இளைஞன் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். "அண்ணே, சந்துல நிக்கறது என் மச்சான். அவனை நிறுத்துங்க, நான் அவன் பைக்லயே போயிடறேன்!"

முகமெல்லாம் நுரை. அவனால் எழ முடியாது. சலூன்காரர் கண்ணாடியில் பார்த்தார். பைக்கின் விளக்கு கத்திக் கை பக்கம் மின்னியது. வாசலுக்குத் திரும்பிக் கையைத் தூக்கினார். விளக்கு சீப்புக் கை பக்கம் மின்னியது.

நின்றார். கண்ணாடிக்குத் திரும்பினார். கத்திக் கை. சாலைக்குத் திரும்பினார். சீப்புக் கை.

"என்னண்ணே, பம்பரம் மாதிரி சுத்தறீங்க? அவன் போறான் பாருங்க!"

மச்சான் போய்விட்டான். சலூன்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று விளக்கைக் கண்ணாடியில் பார்த்தார். வண்டி திரும்பிக் கிடந்த பக்கத்தைச் சாலையைப் பார்த்து நின்று பார்த்தார். இரண்டையும் ஒரே பார்வையாகச் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

"நுரை காயுதுண்ணே" என்றான் இளைஞன்.

இரவு மனைவியிடம் சொன்னார். அவள் சோறு போடுவதை நிறுத்தினாள்.

"மாத்திச் சொன்னா உங்களை என்னன்னு நினைப்பாங்க? காசு வாங்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணுக்குக் கால் போச்சு. பேரையும் நான் எடுத்துட்டேன்."

அவள் குழம்பை ஊற்றினாள்.

ஸ்டேஷனில் போலீஸ்காரர் கொட்டாவியோடு கேட்டார். "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

சுவரில் தொப்பியைச் சரிசெய்ய ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதன் முன் நின்று ஒரு கையைத் தூக்கிக் காட்டி, திரும்பிக் காட்டி, மறுபடி திரும்பி விளக்கினார். உள்ளே இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள்.

"புரியுதுய்யா, புரியுது. உட்காரு, தலை சுத்துது" என்றார் போலீஸ்காரர். "எழுதிக்கறேன். ஆனா வேன்காரன் வக்கீல் உன்னைச் சும்மா விட மாட்டான். இத்தனை வருஷம் சொன்ன சாட்சி எல்லாம் கண்ணாடியில பார்த்ததுதானான்னு கேப்பான். என்ன சொல்லுவே?"

அதை அவர் வரும் வழியிலேயே யோசித்திருந்தார்.

"ஆமான்னு சொல்லுவேன்."

வீடு விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய்ச் சொன்னார். அவள் வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். நன்றி என்றோ, பாவி என்றோ சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "கேட்டியாடி?" என்றாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "கேட்டுச்சு."

"கோர்ட்ல ஒத்துக்குவாங்களாண்ணே?"

"தெரியலம்மா. கூப்பிடறப்பெல்லாம் வருவேன்."

வேன்காரர் இப்போது வேறு சலூனுக்குப் போகிறார். சாவிக்காரர் தெருமுனையில் பெஞ்சு போட்டு, கண்ணாடியில் பார்த்தது கால் சாட்சி, கண்ணால் பார்த்தது முழுச் சாட்சி என்று வியாக்கியானம் செய்கிறார். கோர்ட்டில் இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது.

பிரேக் சத்தம் கேட்டால் சலூன்காரரின் கை இப்போதும் மேலே போகிறது. கூடவே உடம்பும் சாலைப் பக்கம் திரும்பிவிடுகிறது. பாதிச் சவரத்தில் இருப்பவர் கழுத்தை நீட்டியபடி காத்திருக்கிறார்.

"தப்பிச்சுட்டானாண்ணே?"

"இருங்க" என்கிறார் அவர். "பார்த்துச் சொல்றேன்."