ஒன்பதாம் பாகத்து யானை

மைசூர் மண்டி மொஹல்லாவில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்தவன் நான். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் நாற்பது வயது வரை தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. போன வருடம்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்காக. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அந்த மாயக்கதை முப்பது பாகங்களுக்கு மேல் வந்தது. ஓர் இளவரசன், அவனைச் சுமந்து ஆகாயத்தில் பறக்கும் ஒற்றைக்கண் யானை. சத்தியமங்கலத்து மாமா பாகம் பாகமாக அனுப்புவார். அக்கா அவர் வீட்டில் தங்கி எட்டாவது வரை தமிழில் படித்தவள். நான் படம் பார்ப்பேன், அவள் வாசிப்பாள். இளவரசனை எனக்குப் பிடிக்காது. சுமப்பது யானை, பேர் வாங்குவது அவன்.

ஒன்பதாம் பாகத்தில் யானை மலையடிவாரத்தில் விழுந்து கிடக்கும்.

“ஏன்க்கா படுத்திருக்கு?”

“தூங்குது கண்ணு. பறந்து பறந்து அலுத்துப் போச்சு.”

இளவரசன் தன் சால்வையால் அதன் முகத்தை மூடுவான். எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

“தூங்கறதுக்கு மூஞ்சிய ஏன் மூடறான்?”

“ஈ மொய்க்குமல்ல,” என்றாள்.

அடுத்த பாகங்களில் யானையைக் காணோம். காட்டுக்குப் போயிருக்கிறது, வரும் என்பாள். இருபதாம் பாகம் வரை காத்திருந்துவிட்டு, யானை இல்லாத கதை எனக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

அக்காவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தோம். பஸ் ஏறினால் அரைமணி நேரம். சில வருடங்களுக்கு முன் என் மனைவியின் வளைகாப்புக்கு வந்தாள். சந்தனம் பூசக் கையைத் தூக்கியபோது அவளுடைய வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

“என்னக்கா இப்படி இளைச்சுட்டே?”

“சுகர் இருக்குதல்ல, வாயக் கட்டீருக்கறேன். நீ போய்ப் பந்திய கவனி.”

நானும் போய்ப் பந்தியைக் கவனித்தேன்.

அது புற்றுநோய். குழந்தை பிறக்கும் வரை என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று மச்சானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் மகளுக்குப் பேர் வைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மச்சானோடு ஒரு வருடம் நான் பேசவில்லை. அவரே ஒருநாள் வந்து, அக்காவின் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது என்று ஒரு புத்தகத்தை நீட்டினார். ஒன்பதாம் பாகம்.

ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அ, ஆ என்று ஆரம்பித்தேன். அறுபது பக்கக் காமிக்ஸைப் படித்து முடிக்க ஆறு மாதம் ஆயிற்று. மலையடிவாரப் பக்கத்தில் இளவரசன் சொல்வதை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: “என்னைச் சுமந்தே செத்தாயே, நண்பா.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதே இவளுக்கு வேலையா? யானையை மறைத்தாள், தன்னையும் மறைத்தாள். படிக்கத் தெரியாதவன் என்றுதானே இரண்டு தடவையும் ஏமாற்றினாள் என்று அழுதேன்.

அழுது முடித்து மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். யானையின் விலாவில் ஈட்டி, கீழே ரத்தம், முகத்தில் சால்வை. இதைப் புரிந்துகொள்ள எழுத்து எதற்கு? வளையல் முழங்கைக்குப் போனதைப் பார்க்கவும் எழுத்துத் தேவையில்லை. எல்லாம் என் கண்ணெதிரில்தான் இருந்தது. அவள் சொன்னதை நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்தப் பக்கத்தை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு ஏழு வயது. யானைக்காக அவளிடம் இரண்டு முறை கேட்டேன். அக்காவுக்காக ஒரு முறைதான் கேட்டேன்.