அண்ணனின் வலது கால்

அண்ணன் பந்தயத்தில் ஓட்டிய சிவப்புக் கார், பந்தயம் நின்றுபோன பிறகும் பட்டறையின் பின்பக்கம் உறை போட்டு நின்றது. அவ்வப்போது உறையை விலக்கி என்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மூடுவார். அண்ணி அதை மூத்த சம்சாரம் என்பார்.

அண்ணிக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை, திங்களும் வெள்ளியும், டயாலிசிஸ். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். பெட்ரோல் தட்டுப்பாடும் அந்த வருஷம்தான் வந்தது. பஸ்கள் பாதி நின்றுவிட்டன. பெட்ரோல் பங்கில் ஒரு காருக்கு வாரத்துக்கு ஒரு கேன்தான் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தது அந்த ஒரு கார்தான். அது ஒரு முறை போய்வரவே அந்தக் கேன் தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்றிருந்தது. இரண்டாவது முறை போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அண்ணன் காரைப் பிரித்தார். கார்பரேட்டரில் பெட்ரோல் வழியும் துளையுள்ள ஒரு பித்தளைத் திருகு உண்டு. அதை ஜெட் என்பார்கள். பந்தயத்துக்காகப் பெரிய துளை போட்டிருந்ததை எடுத்துவிட்டுச் சின்னதை மாட்டினார். தீப்பொறி விழும் நேரத்தைத் திருத்தினார். டயரில் காற்றைக் கூட்டினார். பாரம் குறையட்டும் என்று, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கூண்டையும் கழற்றினார். அதைச் சுவரில் சாய்த்துவைத்து, காரின் உறையை எடுத்து அதன் மேல் போர்த்தினார்.

பிறகு பாட்டில் வைத்துச் சோதனை. டேங்கிலிருந்து வரும் குழாயை எடுத்து ஒரு லிட்டர் பாட்டிலில் விடுவார். அது தீர்ந்து கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இருக்கும் அதே பாரம் வேண்டும் என்று அண்ணியை முன்னாலும் என்னைப் பின்னாலும் உட்காரவைத்தார். அந்த ஒரு லிட்டரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரே கேனில் வாரத்துக்கு இரண்டு முறை போய்வரலாம். கார் செங்கல் சூளை அருகிலேயே நின்றது. இன்னும் சின்ன ஜெட் போட்டார். மறுபடியும் சூளைதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நுனி வெளுத்திருந்தது. பழுப்பாக இருக்க வேண்டும். வெளுத்தால் என்ஜின் உள்ளே வேகிறது என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அதைவிடச் சின்ன ஜெட்டைத் தேடி டப்பாவைக் கிளறினார்.

பின்சீட்டில் இருந்ததால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். முன்னால் லாரி தெரிந்தால் அண்ணனின் முழங்கால் தாழ்ந்து, ஆக்சிலரேட்டரை அழுத்திவிடும். தாண்டிய பிறகுதான் மூச்சு விடுவார். அவரிடம் போய் அதை யார் சொல்வது?

அண்ணி சொன்னார். பட்டறை நாற்காலியில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், "எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டீங்க. உங்க வலது காலையும் ஒரு தடவ கழட்டிப் பாருங்களேன்," என்றார்.

அண்ணன் நிமிரவில்லை. "நான் மெதுவாத்தான் ஓட்டுறேன்."

"லாரிக்காரன்கிட்ட கேட்டா தெரியும்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பயந்துபோய்த் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அப்போது நான் ஒரு பண்ணையில் முட்டை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் வேனைப் பண்ணையிலேயே பூட்டிவிடுவார்கள். முட்டை உடைந்தால் வேலை போய்விடும் என்பதால் என் கால் பழகிய பழக்கம் வேறு. நடந்து போகிறவன்கூட எனக்கு ஹார்ன் அடிப்பான் என்று கிண்டல் செய்பவர் அண்ணன்தான்.

அவர் டப்பாவை மூடினார். சின்ன ஜெட்டுகளில் முதலில் போட்டதையே திரும்ப மாட்டினார். பாட்டிலை நிரப்பினார். சாவியை என்னிடம் நீட்டினார்.

நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணி பின்சீட்டுக்கு மாறினார். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பெடலை ரப்பர் விரிப்பின் மேல் அழுத்திக்கொண்டே வந்தார். சூளை போயிற்று. ஒரு லாரி எங்களைத் தாண்டிப் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அண்ணன் ஜன்னலை ஏற்றினார். பாலத்தைத் தாண்டி, மேடும் ஏறிய பிறகுதான் கார் விக்கி நின்றது.

அண்ணன் இறங்கிக் குழாயை டேங்கில் மாட்டினார். பிளக் ஒன்றைக் கழற்றி, துணியால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்பு. அதை அண்ணியிடம் காட்டினார்.

என்ஜின் மூடியைச் சாத்திவிட்டு வந்தவர், ஓட்டுநர் பக்கம் போகவில்லை.

"திங்களும் வெள்ளியும் பண்ணையில லீவு கேக்க முடியுமா?" என்றார் என்னிடம். "உன்னால முடிஞ்சாதான்."

அந்தக் காரை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் திருப்பினேன்.