மீனிடம் துவக்கு இல்லை

முதலில் மரத்துப்போனது சுண்டுவிரல். இரவுக் கடலில் படகு விளக்கின் வெளிச்சத்துக்குப் பாய்ந்து வந்த முரல் மீன் என் வலது தோளில் குத்தியிருந்தது. ஊசி போன்ற அதன் அலகை ஒரே இழுவையில் பிடுங்கி எறிந்தேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பிடுங்காதீர்கள். நுனி முறிந்து உள்ளே தங்கிவிடும்.

மாம்புரிக் கரைக்கு வந்ததும் மனைவி ஷரீபா ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் படையினர் மறித்தார்கள். அந்த வாரம் எங்கள் பக்கம் எங்கும் தேடுதல். துவக்குச் சூடு பட்டதுபோல் தோளில் ஓட்டையும் இரத்தமுமாக ஒரு முஸ்லிம் ஆள் கிடைத்தால் விடுவார்களா?

"மீன் குத்தினது சேர்," என்றேன்.

"மீன்கிட்ட துவக்கு இருக்கா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுச் சிரித்தார் அதிகாரி.

முகாமில் அடைத்தார்கள். குற்றம் என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டைக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டியதோடு வைத்தியம் முடிந்தது. டொக்டரிடம் காட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் அலுத்துவிட்டது.

ஷரீபா சும்மா இருக்கவில்லை. மறுநாள் ஒரு முழு முரலோடு முகாம் வாசலுக்கு வந்தாள்.

"இதுதான் சேர் அவருக்குக் குத்தினது. அலகப் பாருங்க."

மீனை வாங்கிப் பொரித்துத் தின்றார்கள். முரலின் முள் பச்சை நிறம், அது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். படையினரோ முள்ளின் பச்சையைக் கண்டு, பழுதான மீனைத் தந்தாய் என்று அடுத்த நாள் அவளை ஏசி விரட்டினார்கள். எரிச்சலில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலோடு விலங்கு, பக்கத்தில் காவலுக்கு ஒரு சிப்பாய். உள்ளே அப்செஸ் (சீழ்க்கட்டி) என்று சொல்லி, கீறி எடுத்தார் டொக்டர். எடுத்ததை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார். முறிந்த அலகு நுனி, பச்சை முள்.

சிப்பாய் எட்டிப் பார்த்தார். "இது நாங்க சாப்பிட்ட மீன் தானே!"

அன்றே விட்டார்கள். மன்னிப்பு இல்லை. முள்ளை மட்டும் சான்று என்று எடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்கு எதிரான சான்றோ!

"முதல் நாளே வந்திருந்தா நரம்பு தப்பியிருக்கும்," என்றார் டொக்டர். "பிசியோதெரப்பி (பயிற்சிச் சிகிச்சை) செஞ்சு பாப்பம்."

செய்கிறேன். நீங்களும் விடாமல் செய்யுங்கள், ஓரளவு பலன் உண்டு. விரல்கள் மடங்குகின்றன. ஆனால் நான் சட்டை போட்டு முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. தொழுகையில் இரு கைகளையும் உயர்த்தித் தக்பீர் கட்டும்போது இடது கை மட்டும் காதுவரை போகிறது. வலது கை நெஞ்சோடு நின்றுவிடுகிறது.

போன மாதம் ஷரீபாவும் நானும் போகும்போது அதே வீதியில் மறுபடியும் மறித்தார்கள். கைகளைத் தூக்கச் சொன்னார் ஒரு புதிய சிப்பாய். இடது கையைத் தூக்கினேன்.

"மற்றதையும் தூக்கு!"

"அது ஏறாது சேர்."

"ஏன்?"

ஷரீபா என்னைப் பார்த்தாள். மீன் குத்தியது என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் எழவில்லை.