தூக்குப்பாலத்துச் சக்கரம்

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள்தான். அதில் தடவியிருந்த கிரீஸ் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பவானி ஆறு பரந்து சேறாகிக் கிடந்த இடத்தின் நடுவே, கோரை அறுத்தும் மீன் பிடித்தும் பிழைத்த எங்கள் ‘திட்டு’ இருந்தது. கரைக்கு வர எங்களுக்கு இருந்தது பழைய ரயில் பாலம். மலையிலிருந்து ஆற்றில் மிதந்துவரும் மரங்களுக்கு வழிவிட, அதில் ஒரு துண்டைக் கரையில் ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலியால் மேலே தூக்கும்படி வெள்ளைக்காரன் கட்டியிருந்தான். மரம் வருவதும் நின்றது, ரயிலும் நின்றது. சக்கரம் மட்டும் கரையூர்க்காரர்கள் கைக்குப் போனது. மாரியம்மன் திருவிழாவான ‘நோம்பி’யைச் சாட்டிக் கோயில் முன்னால் கம்பம் நட்டால், நாங்கள் வந்தால் தீட்டு என்று பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். கம்பம் பிடுங்கும்வரை எங்களுக்குப் பரிசல்தான்.

அந்த வருஷ நோம்பியில் ஆற்றில் வெள்ளம். பரிசல் நிற்காது. என் தங்கை செல்விக்கு மூச்சு முட்டியது. பட்டப்பகலில் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்து முனைக்கு ஓடினாள், பின்னால் நான். நடுவில் சுழித்தோடும் தண்ணீர். எதிரே நீங்களும் உங்கள் கூட்டாளியும்.

“ஏனுங்க, புள்ளைக்கு மூச்சு வர மாட்டேங்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணுமுங்க. கொஞ்சம் எறக்குங்க.”

“கம்பம் நட்டிருக்குது அம்மணி. நாளானிக்குப் புடுங்கிருவோம், அப்பறம் வா” என்றீர்கள். எவ்வளவு பதவிசாகச் சொன்னீர்கள்.

“மீன் திங்கறவங்கதான மாப்ள, நீந்தி வரச்சொல்லு” என்றான் கூட்டாளி. நீங்கள் சிரித்தீர்கள்.

அம்மா அங்கேயே மண்டியிட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட கைக்கும் மார்புக்கும் நடுவில் செல்வி அடங்கிப்போனாள். கோயிலில் மேளம் நிற்கவில்லை. சொன்ன சொல் தவறாமல் கம்பம் பிடுங்கியதும் பாலத்தை இறக்கினீர்கள். அதன்மேல் சட்டிபானையோடு நடந்துபோன எங்கள் திட்டுக்காரர்கள் யாரும் திரும்பவில்லை.

இன்று சேறு இல்லை, திட்டு இல்லை. மண் கொட்டி மனை போட்டுவிட்டார்கள். பாலத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, சீரியல் லைட் கட்டி, ‘நமது பெருமை’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். திறந்துவைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்காட்டப் போவது ஊர்ப் பெரியவரான நீங்களாம்.

நானும் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால் மைக்கைப் பிடியுங்கள். அன்றைக்கு அதை ஏன் சுற்றவில்லை என்று ஊரார் காதில் விழும்படி சொல்லுங்கள்.